லினக்ஸுக்கு மாறிய பின்

அக்டோபர் 15, புதன்

என் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டதாம். புது விண்டோஸ் இதில் ஏறாது, பழையதற்கு இனி அப்டேட் கிடையாது. எங்கள் பார்சல் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர், "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க மேடம், எல்லாமே ஓடும்" என்றார். அந்த மகராசன் பேச்சை நம்பி, பழையதை அழித்துவிட்டுப் போட்டேன். பிரிண்டர் வேலை செய்கிறது. ஆபீஸ் பைல்கள் திறக்கின்றன. கார் பந்தய கேம் முன்பைவிட வேகம். எனக்கே என் மேல் கொஞ்சம் கர்வம்.

அக்டோபர் 18, சனி

துப்பாக்கி கேம் மட்டும் திறக்கவில்லை. வேறு எது ஓடாவிட்டாலும் சரி, அது ஓடணுமே!

அம்மா முதியோர் இல்லத்துக்குப் போனதிலிருந்து தம்பி என்னோடு பேசுவதில்லை. "பொய் சொல்லி அம்மாவை அனுப்பிட்டே" என்று கத்தினான். அம்மாவேதான் போகிறேன் என்றாள். அவன் நம்பவில்லை. போனை எடுக்கமாட்டான். சனிக்கிழமை சாயங்காலம் இந்த கேமுக்கு மட்டும் வருவான். இரண்டு பேர் அணி. பேசாமல் ஆட முடியாது. "அக்கா, பின்னாடி வரான்." "அக்கா, குனி." இதைக் கேட்கத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

அந்த கேமில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ஒரு காவல் புரோகிராம் உண்டாம். அதற்கு லினக்ஸே ஆகாதாம். "அது ஒண்ணுதான் மேடம் ஓடாது" என்கிறார் ஆபீஸ்காரர். அந்த ஒண்ணுதானய்யா எனக்கு எல்லாம்! பழையதையே திரும்பப் போடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைதான் வருவாராம். அதற்குள் சனிக்கிழமை போய்விடுமே.

அக்டோபர் 25, சனி

பொறுக்கவில்லை. இணையத்தில் யாரோ எழுதியிருந்த குறுக்கு வழியில், இது விண்டோஸ்தான் என்று கேமை நம்பவைத்தேன். திறந்தது! "போன வாரம் எங்க போனே அக்கா?" என்றான். தேடியிருக்கான் — என்னைத் தேடியிருக்கான்.

பாதி ஆட்டத்தில் திரை நின்றது. ஏமாற்றியதற்காக என் கணக்கை நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள். கூட ஆடுகிறவருக்கும் அறிவிப்புப் போகுமாம். ஐயோ, நான் யாரை ஏமாத்தினேன்?

அக்டோபர் 26, ஞாயிறு

தம்பியிடமிருந்து மெசேஜ். ஒரே வார்த்தை. "இதுலயுமா?"

அக்டோபர் 27, திங்கள்

லினக்ஸ், காவல் புரோகிராம், குறுக்கு வழி — எல்லாம் விளக்கி எழுதினேன். அத்தனையும் சத்தியம். படித்துப் பார்த்தால் புளுகுகிறவள் எழுதியது போலவே இருக்கிறது. இருந்தும் அனுப்பினேன். போகவில்லை. என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

அக்டோபர் 30, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தேன். விண்டோஸ் போட்டுத் தரட்டுமா என்று மறுபடி கேட்கிறார் ஆபீஸ்காரர். இனி எதுக்கு? லினக்ஸே இருக்கட்டும். சாயங்காலம் முழுக்கத் தனியாகக் கார் ஓட்டினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அம்மாவைப் பார்க்கப் போனேன். நகம் வெட்டிவிட்டேன். "நீயும் தம்பியும் சனிக்கிழமை விளையாடறீங்கதானே?" என்று கேட்டாள். எங்களுக்குள் அந்த விளையாட்டாவது மிச்சமிருக்கிறது என்பதுதான் அவளுக்கு இருக்கிற ஒரே நிம்மதி. அம்மாவிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.

"நேத்துகூட ஆடினோம்மா" என்றேன்.