சங்கவியின் முகாம் பையில் இருந்த ரப்பர் பேண்டுகள்

என் செல்லச் சங்கவி,

மழைக்காகத் தள்ளிவைத்த நம் என்.சி.சி. முகாம் இப்போது நடக்கப்போகிறது. நீ இல்லாமல் திங்கட்கிழமை கிளம்புகிறேன். என்னிடம் முதுகில் மாட்டும் பெரிய பை கிடையாது, உனக்குத் தெரியும். உன் பையைக் கேட்கலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சிதம்பரத்தில் பஸ் ஏறினேன். உங்கள் ஊர் கடலூரில் இறங்கியதும் கேட்கும் துணிவு போய்விட்டது.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, அத்தை, உன் அம்மா, நீ முகாமுக்குக் கட்டிவைத்த அந்தப் பையை யாரையும் தொடவிடவில்லை. "எம்பொண்ணு கட்டுனது கட்டுனபடியே இருக்கட்டும்" என்று மாமாவிடம்கூடச் சொல்லிவிட்டாராம். பீரோ மேலே, ஷீட் கூரைக்கு நேர் கீழே, கோடை முழுக்க அது அங்கேயே இருந்தது.

அன்று அத்தையே அதை இறக்கினார். "தூசி தட்டுறப்ப உள்ள கைய வுட்டேன், பிசுபிசுன்னு ஒட்டுது. எலி ஏதாச்சும் பண்ணிடுச்சா, பாரு இலக்கியா."

எலி இல்லை. நீ போட்ட ரப்பர் பேண்டுகள் சூட்டில் இளகி டார்ச்சோடு ஒட்டியிருந்தன. சில, தொட்டதும் துண்டுதுண்டாக உதிர்ந்தன. பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக நறுக்கிப் போட்டாயே, அவை மட்டும் அப்படியே இருந்தன.

"அப்ப எல்லாமே போயிடுமா?" என்று கேட்டார். வேறு என்ன சொல்வேன்? "சூட்டுல கெட்டுடும் அத்தை. மாத்தித்தான் ஆவணும்."

அத்தை தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டார். டார்ச்சைச் சுற்றி இரண்டு போட்டால் ஈரக் கையில் வழுக்காது என்றேன். சட்டையை இறுக்கிச் சுருட்டிப் போட்டால் பையில் இடம் மிச்சமாகும். தட்டும் ஸ்பூனும் நடக்கும்போது சத்தம் போடாமல் இருக்க ஒன்று. பையில் தொங்கும் பட்டைகளைச் சுருட்டி அடக்கத்தான் ட்யூப் வளையம். இதையெல்லாம் போனில் எத்தனை நாள் சண்டை போட்டு முடிவு செய்தோம், இல்லையா?

அத்தை திடீரென்று நிமிர்ந்தார். "ஏண்டி, இதெல்லாம் நம்ம டிபன் கடை ரப்பர் பேண்டா?"

தலையாட்டினேன்.

"சாம்பார் பாக்கெட்டு கட்ட ஒண்ணு இல்லன்னு உங்க மாமாவ எத்தினி நாளு திட்டினேன். திருடி வூட்டுக்குள்ளயே இருந்திருக்கா."

"இப்பவாச்சும் நம்புனியே" என்றார் வாசலில் நின்ற மாமா.

அத்தை சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. பாதியில் அது அழுகையானது. மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாவற்றுக்கும் புதியது மாட்டினோம். நான் கேட்கவே இல்லை, அத்தையே பையை என் தோளில் மாட்டிவிட்டார். "இதையே எடுத்துட்டுப் போ. அவ சட்டையும் போட்டுக்க."

"அழுக்காக்காம பத்திரமா கொண்டாந்து தரேன் அத்தை."

"அழுக்காவே கொண்டா. அவ போயிருந்தா தோச்சா எடுத்தாந்திருப்பா? நான் தோச்சிக்கறேன்."

சங்கவி, சேறு பட்டால் முகம் சுளிப்பேன் என்று என்னைக் கிண்டல் செய்வாயே. இந்த முறை தவழச் சொன்னால் முதல் ஆளாகப் படுப்பேன். உன் சட்டை ஒன்றைக்கூட அங்கே அலசமாட்டேன். முகாம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்குப் போகாமல், நேராக உன் அம்மாவிடம் வந்து பையை இறக்குவேன்.

உன் மாமன் மகள்,
இலக்கியா