பளபளத்த ஆறு கார்டுகள்

பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். நீயும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சுகமில்லாவிட்டால்தானே உனக்கு என் நினைப்பே வரும்! போனில் பேசலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ சிரித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே சிரிக்க முடியாது, பார்த்தாயா?

எங்கள் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் உலை எரிகிறது என்றால் அது என்னால் எரிகிறது. முதலாளி இதை வெளியே சொல்ல மாட்டார், சொன்னால் எனக்குச் சம்பளம் ஏற்ற வேண்டிவரும். கன்ட்ரோல் ரூமுக்கும் உலைக்கும் நடுவே சேதி கொண்டுபோக ஒரு கார்டு இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. "காஸைக் குறை, காற்றைக் கூட்டு" என்று இங்கே சொல்வதை அங்கே போய்ச் சொல்லும், அங்கே எவ்வளவு சூடு என்பதை இங்கே வந்து சொல்லும். அதன் பக்கத்திலேயே இன்னொரு கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஓடுகிறது விழுந்தால் உட்கார்ந்திருப்பது அந்த நொடியே எழுந்து ஓட வேண்டும். அதற்குப் பேர் ஸ்டாண்ட்பை.

இந்தக் கார்டைச் செய்த கம்பெனி மூடி ஒரு தலைமுறை ஆகிறது. உலகத்தில் இனி எங்கேயும் கிடைக்காது, என் ஸ்டோர் பீரோவைத் தவிர. ஆறு வைத்திருக்கிறேன்! சனிக்கிழமைதோறும் ஆறையும் வெளியே எடுத்து, அடியில் பல்வரிசை மாதிரி இருக்கும் தங்கக் கால்களை நானே தேய்த்துத் துடைக்கிறேன். அதைப் பார்த்துத் தலை சீவலாம். தேய்க்கத் தேய்க்கத் தங்கத்தின் ரகமே உயர்ந்து, மஞ்சளாக இருந்தது இப்போது இளஞ்சிவப்பாக ஏறிவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

ஒரே ஒரு சின்ன விஷயம். போன மாதம் ஸ்டாண்ட்பை கார்டு செத்துப்போனது. என் ஆறில் ஒன்றைக் கன்ட்ரோல் பேனலில் சொருகினேன். பேனல் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்ததையும் கண்டுகொள்ளவில்லை. பேனலுக்கு வயதாகிவிட்டது, பார்வை மங்கல். ஆனால் எங்கள் சீஃப் இன்ஜினியருக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது. "மார்ச் முடியறதுக்குள்ள ஒரு ஸ்டாண்ட்பை நின்னாகணும். இல்லன்னா உலைய அணைச்சுடுவேன். ஒத்தக் கார்டை நம்பி ஆளுங்கள நெருப்புப் பக்கத்துல நிறுத்த மாட்டேன்"னு சொல்லிவிட்டார்.

உலையை அணைத்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி பாறையாகிவிடும். அப்புறம் இடிக்கத்தான் வேண்டும். அடுத்த வருஷம் எப்படியும் உலையைப் பிரித்துப் புதிதாகக் கட்டி, புது கன்ட்ரோலும் போடுவதாக இருந்தார்கள். எரிகிற உலை என்றால் கட்டுவார்கள். செத்த உலையை எந்த முதலாளி கட்டுவார்? உலைக்காரர்கள் எல்லோரும் வீட்டில்தான்.

எனவே, எனக்கு அவசியமில்லை என்றாலும், உன் பொழுதுபோக்குக்காக இரண்டு கார்டுகளை அனுப்பியிருக்கிறேன். பார்த்து ரசி.

இப்படிக்கு,
உலையைத் தாங்கும் உன் மாமா

பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதமும் கார்டும் வந்தன. கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கார்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் ஒரு புகார். என்னைப் பற்றி உங்கள் தொழிற்சாலையில் "நாட்டுல இருக்கற மெஷினுக்கெல்லாம் அவதான் டாக்டர்"னு சொல்லி வைத்திருக்கிறீர்களாம். அத்தை அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொன்னாள். நான் ஒரு பட்டறையில் பழைய கார்டுகளுக்குச் சால்டரிங் வைக்கிறவள், மாமா. எனக்கென்று ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார்டுகளின் உள்ளே பெரிய குறை எதுவும் இல்லை. பேனலின் கண்ணிலும் குறை இல்லை. குறை கால்களில்தான். அவற்றில் இப்போது தங்கமே இல்லை! இருந்தது ஊதினால் போகிற அளவுக்கு மெல்லிய தங்கப் பூச்சு. அது போய், அதற்குக் கீழே இருந்த பூச்சும் போய், வெறும் செம்பு தெரிகிறது. ரகம் உயர்ந்துவிட்டது என்று எழுதினீர்களே, அந்த இளஞ்சிவப்பு அதுதான்.

மாமா, எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்?

அன்புடன்,
உங்கள் மருமகள்

மார்ச் 1

அன்புள்ள மருமகளுக்கு,

பித்தளைப் பூட்டுக்குப் போடுகிற பாலிஷ். பழைய டூத் பிரஷ். இதில் என்ன தப்பு? தங்கம் பூசினவன் கெட்டியாகப் பூசியிருக்க வேண்டாமா? ஒரு மனுஷன் ஆசையாகத் தேய்ப்பதைக்கூடத் தாங்காத பொருளை யார் செய்யச் சொன்னது? வந்தவர் போனவர் எல்லோரும் பீரோவைத் திறந்து பார்த்து "ஆஹா" என்றார்களே, அந்த "ஆஹா"வெல்லாம் பொய்யா?

மற்ற நான்கையும் இதோடு அனுப்புகிறேன். சீஃப் கேட்டார். "ஆறும் சின்னதா ஒரு மேக்கப்புக்கு மருமக வீட்டுக்குப் போயிருக்கு சார்"னு சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குத்தான் அந்த உணர்வே கிடையாது என்றேனே.

எங்கள் உலை ஃபோர்மனை உனக்குத் தெரியும். நாங்கள் நெருப்புக்கோழி என்று கூப்பிடுவோமே, அவன்தான். கேன்டீனில் பிடித்துக்கொண்டான்.

"என்ன ஸ்டோர் மகாராஜா, உன் கார்டு நிக்குமா, இல்ல நாங்க வீட்டுல உக்காந்து ஈ ஓட்டணுமா?"

"நிக்கும்யா. நின்னு உன் தலைல ஏறி டான்ஸ் ஆடும்."

"நல்லா ஆடட்டும். ஆனா ஓடுற கார்டைச் சீஃப் கழட்டிப் பாக்குறப்ப, உன்னோடது எழுந்திரிக்கலன்னா காஸ் வால்வைக் கையால அடைக்கணும். அங்க நிக்கப்போறது நாங்கதான், ஞாபகம் வச்சுக்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் டீ மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

கண்ணு, ஆறில் எத்தனை பிழைக்கும்? ஒன்று போதும்.

மாமா

மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு பிழைத்தன.

நான்கில் நீங்கள் தேய்த்த தேய்ப்பில் கால்களே பிய்ந்து எழும்பிவிட்டன. அவற்றை நானே வைத்துக்கொள்கிறேன், உள்ளே இருக்கும் சில்லுகளாவது அடுத்த வருஷம் வரை உதவும். இந்த இரண்டில் வற்றிப்போயிருந்த உறுப்புகளை மாற்றினேன். தங்கம் பூசுவது என் வேலை இல்லை. எங்கள் பட்டறையில் அதற்கென்று ஒரு அக்கா இருக்கிறாள். முகத்தில் சிரிப்பே வராது, பேச்சும் அளந்துதான். கார்டைக் கையில் வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

"யாரு இப்படிப் பண்ணது? பகையாளியா?"

"இல்லக்கா. இது மேல உசுரையே வச்சிருக்கறவரு."

"அப்ப சரி, பகையாளி இவ்வளவு சிரமப்பட மாட்டான்"னு சொல்லிவிட்டு, தன் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்தாள். இரண்டு முறை பூசியிருக்கிறாள், மாமா. கெட்டியாக.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். பொருத்தும் வரை உறையைப் பிரிக்கக் கூடாது. கால்களை விரலால் தொடக் கூடாது. யாரும் தேய்க்கக் கூடாது, முக்கியமாக நீங்கள். சனிக்கிழமை கை துறுதுறுத்தால் அத்தையின் பாத்திரங்களைத் தேயுங்கள், அவளாவது மகிழ்வாள். சீஃபிடம் இரண்டுதான் இருக்கின்றன என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இரண்டை உங்கள் வாய் பத்தாக்கிவிடும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே என் மேசையில் இரண்டும் நன்றாக ஓடின. உங்கள் பேனலில் ஓடுமா என்பதைப் பொருத்திப் பார்த்தால்தான் தெரியும். உடனே எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 28

அன்புள்ள மருமகளுக்கு,

கார்டுகள் பத்திரமாக வந்தன. இரண்டுதான் என்று சீஃபிடம் சொன்னேன். நேற்று ஒன்றைப் பொருத்தினோம். சீஃப் ஓடுகிற கார்டைக் கழற்றினார். உன் கார்டு எழுந்து ஓடியது. உலை எரிகிறது.

மாமா

ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு என்ன?

கடிதத்தைப் படித்துவிட்டுக் குதித்தேன். தங்கம் பூசும் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள், மாமா! பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அப்புறம் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். ஒரு பொய்கூட இல்லை. பயமாகிவிட்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என் தம்பி எழுதினதில்லடி. யாரோ பக்கத்துல நின்னு மிரட்டி எழுத வச்சிருக்காங்க"ன்னு அடம் பிடிக்கிறாள்.

கார்டுகள் உங்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்ட நாளிலிருந்து நான் தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொருத்திய அன்று அங்கே என்ன நடந்தது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டாமா? நீங்கள் எங்கே நின்றீர்கள்? யார் யார் இருந்தார்கள்? ஒழுங்காக, உங்கள் வழக்கப்படி எழுதுங்கள். பொய் இல்லாத கடிதத்தை இந்த வீட்டில் வாங்குவதாக இல்லை.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 20

என் செல்ல மருமகளுக்கு,

எனக்கு என்ன கேடு? மலை மாதிரி இருக்கிறேன். அன்றைக்குப் பேனா ஓடவில்லை, அவ்வளவுதான். இப்போது ஓடுகிறது, கேட்டுக்கொள்.

சீஃப் கார்டில் கை வைத்தாரா, தொழிற்சாலையே மூச்சை அடக்கியது. கன்வேயரில் போன பாட்டில்கள் நின்று திரும்பிப் பார்த்தன. பேக்கிங் பெண்கள் எல்லாம் கன்ட்ரோல் ரூம் கண்ணாடியில் மூக்கை அப்பிக்கொண்டு நின்றார்கள். முதலாளி வெளிநாட்டிலிருந்து விமானத்தில் பறந்து வந்தார். (வந்தது அவர் டிரைவர். ஆனால் அவரும் அதே சட்டைதான் போட்டிருந்தார்.) சீஃப் இழுத்தார். உன் கார்டில் பச்சை விளக்கு எரிந்தது. சும்மா எரியவில்லை, கண்ணடித்தது! சூடு ஒரு புள்ளி ஏறவில்லை, ஒரு புள்ளி இறங்கவில்லை. நகைச்சுவை உணர்வே இல்லாத எங்கள் சீஃப் "ஹா" என்றார். அவர் கணக்கில் அது விழுந்து விழுந்து சிரிப்பது.

நெருப்புக்கோழி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு உலையைச் சுற்றி வந்தான். தூக்கப் பார்த்தான் என்று வேண்டுமானால் வைத்துக்கொள். என் எடைக்கு அவன் இடுப்பு இடம் கொடுக்கவில்லை, இரண்டு பேரும் மணல் மூட்டைமேல் விழுந்தோம். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தோம். அடுத்த வருஷம் உலையைக் கட்டுவது உறுதியாகிவிட்டது, முதலாளி கையெழுத்தே போட்டுவிட்டார். புது கன்ட்ரோல் பூட்ட வெளியிலிருந்து ஆள் வேண்டும் என்றார் சீஃப். நான் வாயைத் திறக்கவே இல்லை. அவரே "உங்க மருமக வருவாங்களா?"னு கேட்டார். உன்னைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தை மிகை இல்லை என்பது இப்போதாவது தெரிகிறதா?

நான் எங்கே நின்றேன் என்று கேட்டாய். கன்ட்ரோல் ரூமில் இல்லை. கண்ணடித்ததெல்லாம் பிறகு சொல்லக் கேட்டது. உலைப் பக்கத்தில், காஸ் வால்வு ஓரத்தில், உலைக்காரர்களோடு நின்றேன். நெருப்புக்கோழி என்னைப் பார்த்துக் கத்தினான்.

"உனக்கு இங்க என்னய்யா வேல? வெளிய போ!"

"என் மருமக சரி பண்ண கார்டுய்யா. நான் வேற எங்க போய் நிப்பேன்?"

போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன். எழுதினால் பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

இந்த ஒன்றை மட்டும் உன் அம்மாவிடம் சொல்லாதே, என் தோலை உரித்துவிடுவாள். மற்றதையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
டாக்டரம்மாவின் மாமா