பத்திரிகையில் போட்ட சொந்த ஊர்

ரிச்சர்ட்சன், டெக்சஸ்
மார்ச் 9

அன்பு மகள் யாமினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ போனை எடுக்காமல் இன்றோடு பதினாறு நாள். அதனால்தான் தபால்.

உன் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை யோனாஸுக்குச் சொந்த ஊர் கேமரூன் என்று போட்டது நான்தான். வீடியோ காலில் அவர் ஹாம்பர்க் என்று இரண்டு தடவை சொன்ன பிறகும், அதற்கு முன்பு எங்கே என்று கேட்டதும் நான்தான். ஊர் கேட்பது நம் வழக்கம் என்று சமாதானம் சொன்னேன். உன் அம்மா, "பொண்ணுக்குக் கல்யாணம் பண்றீங்களா, இமிக்ரேஷன் கவுண்டர்ல உக்காந்திருக்கீங்களா?" என்றாள். உறவினர் யாரும் வேண்டாம், பதிவுத் திருமணம் போதும் என்று நீ எழுதியதைப் படித்தபிறகுதான் நான் செய்தது உறைத்தது.

நான்கு நாள் யுனிவர்சிட்டி நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். உன் அண்ணன் பத்ரிதான் ஆபீஸ் போகும் வழியில் டிராப் பண்ணினான். முப்பது வருடம் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவன் நான். ஜெர்மனியைப் பற்றி எத்தனையோ கேள்வித்தாள் தயாரித்தேன். அங்கே தலைமுறைகளாக வாழும் கறுப்பின மக்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எனக்கே தெரியாதே.

பிறகு, நீ முன்பே அனுப்பி, நான் மேலோட்டமாகப் பார்த்து வைத்திருந்த அவர்கள் குடும்பக் குறிப்பைப் படித்தேன். கொள்ளுத்தாத்தா தியோடர், கேமரூன் ஜெர்மன் காலனியாக இருந்தபோது, 1908இல் கப்பலேறி வந்தவர். நாஜிகள் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்து, நாடற்றவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். தாத்தா எமிலை எட்டு வயதில் பள்ளியை விட்டு வெளியேற்றினார்கள். அதே ஹாம்பர்க்கில் அவர் பிறகு இருபத்திரண்டு வருடம் டிராம் ஓட்டியிருக்கிறார். எப்போது ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள் என்று பயணிகள் கேட்பார்களாம். அவர் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வாராம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். தன்னைத் துரத்திய ஊரில் தினமும் எத்தனை பேரைப் பத்திரமாக வீடு சேர்த்திருக்கிறார்! அந்த நிதானம் எனக்கு ஒரு நாளும் வராது.

பத்திரிகையைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். "ஹாம்பர்க் தியோடர் எக்வே அவர்களின் கொள்ளுப்பேரனும் எமில் எக்வே அவர்களின் பேரனுமான" என்று போட்டிருக்கிறேன். யோனாஸிடம் படித்துக் காட்டு. இதிலும் தவறு இருக்கலாம்.

முதல் பத்திரிகையைக் குடும்பத்தில் மூத்தவர் கையில் நேரில் கொடுக்க வேண்டும். எமில் தாத்தாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது என்று எழுதியிருந்தாய். நான் ஹாம்பர்க் வரலாமா என்று அவரிடம் கேட்டுச் சொல்லம்மா. வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்தான்; நீயே கொடுத்துவிடு. வரலாம் என்றால், எதுவும் கேட்காமல் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இருவரும் நிறைவாக வாழ வேண்டும்.

உன் அப்பா,
சுந்தரராமன்