உடையாத சத்தம்

தம்பி,

நேற்று முதலியார்பேட்டை சிக்னலில் நின்றிருந்தேன். ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி திடீரென்று நடுங்கியது. பின்னால் ஒரு கார் வந்து நின்ற பிறகுதான் பாட்டே காதில் விழுந்தது. நெஞ்சுக்குள் அந்த அதிர்வு இறங்கியதும் உன் நினைவு வந்துவிட்டது.

டாக்சி ஓட்டத் தொடங்கிய புதிதில் டிக்கியில் இரண்டு ஊஃபர், அடி அதிரும் பெரிய ஸ்பீக்கர்கள், வைத்தாய். கையிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரையே அவற்றோடு இணைத்தாய். ஒலியைக் கூட்டினால் பாட்டு கரகரவென்று உடையும். முகம் சுளித்துக் குறைத்துவிடுவாய். ஒருநாள் ஒரு ஊஃபர் கருகியே போனது. அதன் பிறகு உனக்கு வேறு பேச்சே இல்லை. தட்டில் சோறு ஆற ஆற எனக்கு விளக்குவாய். நாலு ஓம் ஊஃபர் இரண்டை இணையாகக் கட்டினால் இரண்டு ஓம் ஆகிவிடும், அந்தச் சுமையைத் தாங்கும் ஆம்ப் வேண்டும், ஊஃபர் ஏற்கும் வாட்ஸுக்குச் சரியாக அது கொடுக்க வேண்டும் என்பாய்.

மூலக்குளத்துக் கடையில் அப்படியொரு ஆம்ப்பைப் பொருத்திய அன்று என்னையும் கூட்டிப்போனாய். கடைக்காரர் உன்னை எச்சரித்தார்.

"முன்ன சத்தம் உடைஞ்சுது, நீயே கொறச்ச. இது உடையாதுப்பா. எவ்ளோ வெச்சிருக்கன்னு உனக்கே தெரியாது. பாத்துக்கோ."

தலையாட்டிவிட்டு, காரில் ஏறியதும் கூட்டினாய். அவ்வளவு சுத்தமாக இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும் வழியெல்லாம் அதுதான் உனக்குத் துணை. ஊஃபருக்கு ஈடாக முன் ஸ்பீக்கர்களின் ஒலியையும் கூட்டிக்கொண்டே போனாய். பிறகு காதுக்குள் ஏதோ கீச்சிடுகிறது என்றாய். நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் போனாய். கோபம் என்று நினைத்தேன். கோரிமேட்டில் காது பார்த்த டாக்டர், போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள் என்றார். அந்த வாரமே ஆம்ப்பைக் கழற்றிவிட்டாய்.

ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது. வில்லியனூர் சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டு எதிர்ப்புற டீக்கடைக்குச் சாலையைக் கடந்திருக்கிறாய். பைக் ஒன்று கீச்சென்று ஹாரன் அடித்தபடி வேகமாக வந்திருக்கிறது. கூடக் கடந்தவர்கள் ஓடி ஒதுங்கினார்கள். நீ மட்டும் அதே நடையில் போனாயாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

"நாங்கல்லாம் கத்தனோம்மா," என்றார் டீக்கடை அம்மா. "புள்ள திரும்பிக்கூடப் பாக்கல."

இப்போது என் மகள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு படிக்கிறாள். பின்னால் நின்று, மெதுவாக அவள் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். திரும்புகிறாள். "என்னம்மா?" என்கிறாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறேன். மறுநாளும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.