பொட்டு ஒட்டிய திரை

வெள்ளிக்கிழமை, இரவு.

பெரிய பேரன் வாத்தியார். அடுத்தவள் நர்சு. கடைக்குட்டி தேவி, கம்ப்யூட்டர் திரையில் தெரியும் பட்டன்களையெல்லாம் வடிவமைத்து ஊருக்கெல்லாம் இலவசமாகத் தரும் கூட்டத்தில் இருக்கிறாள். எங்கள் பால் சொசைட்டி கம்ப்யூட்டரிலும் அவர்கள் தந்ததுதான்.

இன்று பால் சொசைட்டி மல்லிகா வந்து சண்டை பிடித்தாள். “இன்னா பெரியம்மா, ஒம் பேத்தி பட்டனயெல்லாம் மேல ஏத்திட்டா! மவுச கொண்டுபோற எடம் தெரியட்டும்னு திரையில ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வெச்சிருந்தேன். இப்ப பொட்டு இருக்குது, பட்டன் இல்ல. பால் ஊத்தனவங்களுக்குச் சீட்டு போட முடியல.”

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. தேவிக்குப் போன் போட்டேன்.

“சும்மாதான ஆயா தரோம், அதுக்கும் திட்டா?” என்றாள். பொட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு எந்தப் பட்டன் என்று கேட்டுக்கொண்டாள்.

“பழசு வேணும்னா பழசயே வெச்சிக்க வழி பண்றேன் ஆயா. எங்க ஆளுங்க ஒத்துக்கணும், சண்டதான்.”

அந்தச் சண்டையில் அவளுக்கு ஏதும் கெடுதல் வருமா என்று கேட்க வாய் வரவில்லை. சாப்பிட்டாயா என்றேன். ஆச்சு என்றாள், நம்பவில்லை. புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுடி, முகத்தைப் பார்க்கணும் என்றேன்.