மணியம் பெயரில் இருந்த என் கதை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. குடையோடு ஜாலான் புசார் வகுப்பு. எழுதப் படிக்கக் கற்று ஒன்றரை வருடம். இப்போது புது வகுப்பு: வாழ்க்கை அனுபவத்தை எழுதுவது. எட்டுப் பேர். நான்தான் மூத்தவன், எழுபத்து நான்கு.

மாலதி டீச்சர் என் நோட்டைப் பார்த்தார். பிறந்தது, கப்பல் பட்டறை வேலை, கல்யாணம், பிள்ளைகள், ஓய்வு. முழு வாழ்க்கையும் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம்.

"அங்கிள், இது பயோடேட்டா லா. ஒரே ஒரு நாளை எழுதுங்க. யார்கிட்டயும் சொல்லாத நாள்."

வாங்கியது: பென்சில் 2, அழிப்பான், வாழைப்பழம்.

மார்ச் 5, புதன்

நாள் கிடைத்தது. தெம்பனிஸுக்குக் குடிவந்த புதிது. எல்லா அடுக்குமாடிப் புளோக்கும் ஒரே மாதிரி. அப்போது எண்களும் எனக்குப் பிடிபடாது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு பச்சை சைக்கிள் நிற்கும், அதுதான் அடையாளம். அன்று யாரோ அதை அடுத்த புளோக்கில் நிறுத்திவிட்டார்கள். சைக்கிளைப் பார்த்து ஏறினேன். நாலாம் மாடி, கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. காலணியைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். திறந்தால் எதிரே ஒரு மலாய்க் குடும்பம். யாரும் கத்தவில்லை. தேநீரும் பொரித்த வாழைப்பழமும் கொடுத்தார்கள்.

மறுநாள் பட்டறை கேண்டீன். அந்த வீட்டுக்காரரின் தம்பி அங்கே வேலை. "நேத்து எங்க அண்ணன் வீட்டுல வந்து உட்கார்ந்த, உங்க பெயிண்ட் செக்‌ஷன் சட்டை போட்ட ஆள், யாரு அது?" என்றார். சிரிப்பு. எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஒருவனுக்குத்தான் தெரியும், என் கூட்டாளி மணியம். (முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனி ம.) நான் குனிந்துகொண்டேன். ம. கையைத் தூக்கி, "நான்தான்" என்றான். அன்று முதல் அவன் பெயர் 'வீடு மாறி'. நாற்பது வருடமாக அது அவன் கதை.

எழுதினால் அவனிடமிருந்து பிடுங்கியதாகும். எழுதாவிட்டால் பொய் தொடரும். இரண்டு கோப்பி குடித்தும் முடிவு இல்லை.

மார்ச் 7, வெள்ளி

வெயில். பக்கத்தைப் படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பினேன். பதில்: "அவர் ஏன் அங்கிள் கையைத் தூக்கினாரு?"

தெரியவில்லை. இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்காமல் இருந்தேன்?

மார்ச் 8, சனி

ரயில் ஏறும் இடத்தில் பலகையில் 'லிட்டில் இந்தியா' என்று தமிழில். இரண்டு முறை வாசித்தேன். பிறகு செங்காங், ம. வீடு. அவனுக்கு முட்டி வீங்கியிருக்கிறது. வாய் அப்படியே. பேரப்பிள்ளைகளிடம் அந்தக் கதையில் மடியில் ஒரு பூனை ஏறியதாகச் சொல்லி வைத்திருக்கிறான்.

"பூனை எங்கேருந்துடா வந்துச்சு?"

"நாப்பது வருசமா சொல்றேன். ஒரு பூனைகூட வராதா?"

"இதை நான் எழுதப் போறேன். என் பேர்ல."

"பிள்ளைங்க இதை வச்சுத்தான் என்னைக் கேலி பண்ணுதுங்க. அதையும் பிடுங்கிட்டுப் போறியா?" சிரிக்கவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்தான்.

கேட்டேன். "அன்னைக்கு ஏன்டா கையைத் தூக்கினே?"

பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்தான். "எனக்குப் படிக்கத் தெரியும். என்னைப் பார்த்துச் சிரிச்சா அது வெறும் சிரிப்பு. உன்னைப் பார்த்துச் சிரிச்சிருந்தா?"

பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"எழுதுடா," என்றான். "பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

மார்ச் 9, ஞாயிறு

காற்று. துணி காயப்போட்டேன். பிறகு மேசை.

எது முதலில் நடந்ததோ அதுதான் முதலில் வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒரு சட்டமும் இல்லை. சைக்கிள், படிக்கட்டு, தேநீர் எல்லாம் இரண்டாம் பக்கத்துக்கு நகர்த்தினேன். புதிய முதல் வரிக்கு அரை மணி நேரம்:

'கேண்டீனில் மணியம் கையைத் தூக்கினான். தூக்கியிருக்க வேண்டியது என் கை.'