தூசியில் ஓர் ஓட்டை

ஜூலை 14, திங்கள்
விடாத மழை. சயானில் தண்டவாளம் முங்கியாச்சு. தாராவியிலிருந்து பஸ்ஸில் செம்பூர் ஆய்வகத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஈரச் செருப்போடு நாள் முழுக்க.

வெள்ளிக்கிழமை ஆய்வுப் பேப்பரை இதழுக்கு அனுப்புகிறோம். விண்வெளியின் அடர்ந்த தூசிக்குப் பின்னால் மங்கலான நட்சத்திரக் கூட்டம், இதுவரை யாரும் குறிக்காதது. முதல் பெயர் என்னுடையது. பேப்பர் வந்தால்தான் செப்டம்பருக்குப் பிறகும் வேலை. இது வீட்டில் தெரியாது.

அம்மா நேற்று சபையில் எழுந்து சாட்சியே சொல்லிவிட்டாள். "எம்புள்ள நட்சத்திரக் கூட்டத்தையே கண்டுபிடிச்சிருக்கா, ஸ்தோத்திரம்!" பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்
பேப்பருக்குக் கடைசிப் படம். தூசி வரைபடத்தின் மேல் என் நட்சத்திரங்களை வைத்தேன்.

என் கூட்டம் இருக்கிற இடத்தில் மட்டும் தூசி இல்லை. ஓட்டை. சுற்றிலும் தூசி மறைக்கிறது, ஓட்டை வழியாகப் பின்னால் இருப்பதெல்லாம் தெரிகிறது. அதனால்தான் நட்சத்திரங்கள் அங்கே நெருக்கமாகத் தெரிந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

தூரம் ஒத்துவராத நட்சத்திரங்களை 'மங்கல், அளவு தப்பு' என்று நானே முன்பு நீக்கியிருக்கிறேன். திரும்பச் சேர்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரம்.

கணக்கை மூன்று முறை ஓட்டினேன். அதேதான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

புதன்
என் வழிகாட்டி மேடத்திடம் சொன்னேன். மாட்டுங்காத் தமிழர், ஆனால் அறைக் கதவு சாத்தியிருந்தால்தான் தமிழில் பேசுவார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.
"நானும்தானே பார்த்தேன். எனக்கே படலையே."
பேப்பர் நின்றது. "செப்டம்பருக்கு என்ன பண்றதுன்னு தெரியலைம்மா. முதல்ல போய்ச் சாப்பிடு."

வியாழன்
அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கூட்டம் இல்லை, தூசியில் ஓட்டைதான் என்று சொன்னேன்; வேலையைப் பற்றிச் சொல்லவில்லை.
"ஏட்டி, அப்ப நான் சபையில சொன்னது பொய்யா?"
"தெரியாமதானம்மா சொன்ன."
"ஞாயித்துக்கெழம எந்திச்சு இல்லன்னு சொல்லணும்லா."
"நீயே சொல்லிரும்மா."
"ஓட்டையப் பாத்தது நீ. எனக்கு என்ன தெரியும்?"
கல்லூரியில் செமினார் அன்றெல்லாம் காய்ச்சல் என்று லீவு போட்டவள் நான்.

ஞாயிறு
சபையில் எழுந்தேன். தூசி, ஓட்டை எல்லாம் சொன்னேன். பழக்கத்தில் யாரோ "அல்லேலூயா" என்றார்கள்.
கடைசி வரிசை அண்ணாச்சி: "அப்ப அந்த நட்சத்திரமெல்லாம் பொய்யாம்மா?"
"நட்சத்திரம் நெசம் அண்ணாச்சி. கூட்டந்தான் இல்ல."
"ஒன் வேலைக்கு ஒண்ணும் மோசமில்லையே?"
ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருக்கலாம்.
"செப்டம்பர் வரைக்குந்தான்" என்றேன்.
அம்மா திரும்பிப் பார்த்தாள்.